அம்மா சொன்ன ஒன்றரை வருஷம்

அப்பா தம் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் ஓட்டுப் போட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கிய வருஷம் அது. ஓட்டு நாள் காலையில் ஆட்களை ஏற்ற லொறி வந்தது. கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் ஏறிப் போனதை எங்கள் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் நின்று பார்த்தேன். திரும்பி வந்ததும், ஓட்டுப் பெட்டிகள் நிறம் நிறமாக இருந்தன என்றார். ஓர் உத்தியோகத்தர் அப்பாவின் பெயரைப் படித்து “வாங்க” என்று கூப்பிட்டார் என்றார். பெட்டியின் நிறத்தைவிட அந்த “வாங்க”தான் அவர் மனதில் தங்கியது. தேயிலை ஸ்டோரில் இலை அரைக்கும் ரோதையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அங்கே யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அடுத்த எலெக்‌ஷனுக்கு லொறி வரவில்லை. வராது என்று எங்களுக்கு முன்பே தெரியும். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போன கையோடு புதுச் சட்டம் வந்து, எங்கள் ஆட்களின் பெயர்களை ஓட்டு இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அன்று காலை பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எல்லாருடைய கண்களும் ரோட்டைத்தான் பார்த்தன. கீழே பொகவந்தலாவை பஜாரில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. யாரையோ எங்கேயோ கூப்பிடுகிறார்கள், எங்களை இல்லை என்பது மட்டும் விளங்கியது. கணக்கப்பிள்ளை, “என்னத்தப் பாக்குறீங்க, மலைக்கு ஏறுங்க” என்றார். அன்றைக்கு ஒருவரும் பாட்டுப் பாடவில்லை.

புதுச் சட்டத்தின்படி, அப்பாவைப் பெற்ற தாத்தா எங்கே பிறந்தார் என்பதுதான் கேள்வி. அப்பா இந்த மலைநாட்டில்தான், இன்னொரு தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா அக்கரையான இந்தியாவிலிருந்து கடல் கடந்து, நடந்து வந்தவர். அதனால் அப்பா இந்த நாட்டு ஆள் இல்லையாம். பிறகு இன்னொரு சட்டம் போட்டார்கள். இங்கே பல வருஷம் விடாமல் இருந்தவர்கள் மனுப் போட்டால், விசாரித்துப் பிரஜையாகப் பதிவார்களாம். அப்பா ஹட்டனுக்குப் போய் புரக்டர் வக்கீல் ஒருவரைப் பிடித்து மனுப் போட்டார்.

“ஒனக்கு ஒன்னும் தொந்தரவு இருக்காது” என்று புரக்டர் சொல்லியிருக்கிறார். “ஒன் சம்சாரமும் பிள்ளையும் கூட விடாம இங்கயே இருந்திருக்கணும். ஒரே போக்குல ஒரு வருசத்துக்கு மேல அக்கரையில தங்கியிருந்தா மனு விழுந்துடும். அப்படி ஏதாச்சும் போனாங்களா?”

அப்பா யோசித்துப் பார்த்து, தலைப்பிரசவத்துக்குப் போன அம்மா வருஷம் திரும்புவதற்குள் வந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். புரக்டரும் சரி என்றார். பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்ததால் அப்பா இதை வீட்டில் வந்து சொல்லவில்லை. உள்ளதைச் சொல்ல ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

தலைப்பிரசவத்தைப் பற்றி நான் இங்கே கொஞ்சம் எழுத வேண்டும். எங்கள் பெண்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. முதல் பிள்ளையைப் புருஷன் வீட்டில் பெறுகிறவள் நாதியற்றவள் என்று பேச்சு. தாய் வீடு அக்கரையில் இருந்தாலும் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்த்தான் பெறுவார்கள். அதிலும், எத்தனை நாள் தாய் வீட்டில் வைத்திருந்தார்கள் என்பதில்தான் மரியாதை. சீக்கிரம் திரும்பி வந்தால் அங்கே சோற்றுக்கு வழியில்லை என்று அர்த்தம். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒருத்தி ஒரு வருஷம் என்பாள். அடுத்தவள் அதற்கு மேல் சொல்வாள். ஆண்கள் இந்தப் பேச்சு நடக்கும் இடத்துக்கு வருவதில்லை.

என் அம்மா எப்போதும் ஒன்றரை வருஷம் என்றுதான் சொல்வாள். நான் பிறந்தது அக்கரையில், திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில். அம்மாச்சி வீட்டில் ஒன்றரை வருஷம் வைத்திருந்து, எனக்கு வெள்ளி அரைஞாண் போட்டு அனுப்பினார்கள் என்று நானும் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன். நாங்கள் இந்தத் தோட்டத்துக்கு வந்தது நான் நடக்கப் பழகிய பிறகு. அதனால் அதற்கு முந்தியதைச் சரி பார்க்க இங்கே யாரும் இல்லை. பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவளுக்கு மட்டும் இது பொறுக்காது. “ஒன்னரை வருசம் புருசன விட்டுட்டு இருந்தியா? எம் புருசன்னா வேற ஒருத்தியப் பாத்திருப்பான்” என்பாள். “அது ஒம் புருசன்” என்பாள் அம்மா.

விசாரணை ஹட்டனில் நடந்தது. எங்கள் லயத்திலிருந்து நாலைந்து குடும்பங்களுக்கு ஒரே நாள். பெரியம்மா வீட்டாரும் வந்திருந்தார்கள். தென்மேற்கு மழை விடாமல் பெய்து, பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் நனைந்த கம்பளிகளோடு விறாந்தையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கம்பளி நாற்றம் மூக்கைப் பிடித்தது. உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கிழவர் வெளியே வந்து, செருப்பில்லாத தன் கால்களையே பார்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தார். குடையை வாங்கிலேயே விட்டுவிட்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை.

முதலில் அப்பாவை விசாரித்தார்கள். பிறகு அவரை விறாந்தையின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். விசாரிக்கிற துரை சிங்களவர். கடுமையான ஆளாகத் தெரியவில்லை, சளி பிடித்துக் களைத்துப் போயிருந்தார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தமிழில் கேட்டு அவருக்குச் சொன்னார். அறை இருட்டாக இருந்ததால் வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். கதவுக்கு நேரே வாங்கில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தாள்.

பெயர், கல்யாணம், வேலை எல்லாம் கேட்டார்கள். அம்மா சரியாகத்தான் சொன்னாள்.

“தலைப்பிள்ளைக்கு இந்தியாவுக்குப் போனனீங்கள்தானே? அங்க எவ்வளவு காலம் நிண்டனீங்கள்?”

அம்மா ஒரு தடவை கதவைப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

“ஒன்னரை வருசங்க.”

துரை எழுதப் போனார். அந்த யாழ்ப்பாணத்து ஐயா அவசரமாகக் கையை உயர்த்தினார். “அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு வருசத்துக்கு உள்ளயோ, கூடவோ?”

இன்றைக்கு நினைத்துப் பார்க்கையில், அந்த மனிதர் தன்னால் முடிந்தவரை வழியைக் காட்டினார் என்று தெரிகிறது. அம்மாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. தன் தாய் வீட்டைச் சந்தேகப்படுகிறார் என்று அவளுக்கு ரோசம் வந்துவிட்டது.

“ஏங்கய்யா, எங்கம்மா வீட்டுல சோறு இல்லன்னு நெனச்சீங்களா? ஒன்னரை வருசம் வச்சிருந்து, இந்தப் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணு போட்டு, கப்பலுக்கு எங்கண்ணன் வந்து ஏத்தி விட்டாரு. சும்மாவா அனுப்புனாங்க?”

வெளியே பெரியம்மா “ம்ம்” என்று ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. யாழ்ப்பாணத்து ஐயா கண்களைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதைத் துரையிடம் சொன்னார். துரை எழுதினார். வெகுநேரம் எழுதியது போல இருந்தது. அம்மா பெருவிரல் ரேகையைப் பதித்துவிட்டு, மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா முன்னால் நின்றார். நாங்கள் பின்னால். ரோட்டில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் ஒவ்வொரு முடக்கிலும் ஹோர்னை அடித்துக்கொண்டே போனான். பெரியம்மா வழக்கத்துக்கு மாறாக அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

“நான் கூட நீ சும்மா அளக்குறேன்னு நெனச்சேன்டி. தொரை முன்னாலயே சொல்லிட்டியே. ஒன்னரை வருசம்! குடுத்து வச்சவ நீ.”

அப்பா திரும்பிப் பார்த்தார். பஸ் முடக்கில் சாய்ந்தது. எல்லாரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்பு அவர் முகத்தில் கண்டதில்லை. கோபமாக இருந்தாலாவது தேவலை.

காம்பராவுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார். “என்ன சொன்ன அங்க?”

அம்மா சொன்னாள்.

“நீ போனது ஐப்பசியில. வந்தது அடுத்த ஆடியில. நாந்தான தலைமன்னாருக்கு வந்து கூட்டிட்டு வந்தேன்? இந்தப் பிள்ளை இடுப்புல கறுப்புக் கயிறுல்ல கெடந்துச்சு? அரைஞாண நாந்தான ஹட்டன்ல வாங்கிக் குடுத்தேன்?”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அந்த வருசம் மழை இல்ல. அண்ணன் பொண்டாட்டி சோத்துக்கு ஒலை வைக்கயில எம் முகத்தப் பாப்பா. எத்தன நாளைக்கு இருக்கறது?” என்றாள். விறகைத் தள்ளிவிட்டு, “பக்கத்துக் காம்பராக்காரி கேட்டுக்கிட்டு இருந்தா, வெளிய” என்றாள்.

அப்பா புரக்டர் சொன்ன ஒரு வருஷக் கணக்கைச் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், அழவில்லை. மறுநாள் வெள்ளென எழுந்து ஹட்டனுக்குப் போகச் சேலையைக் கட்டிவிட்டாள். போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். அப்பா கூட்டிக்கொண்டு போனார். விசாரணை முடிந்தது, இனி எதையும் மாற்ற முடியாது என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அக்கரையில் கப்பல் ஏறுமுன் மண்டபம் காம்பில் கொடுத்த சீட்டு இருந்தால் திரும்பி வந்த நாளைக் காட்டலாம் என்றார் புரக்டர். அது எந்த மழைக்கு நனைந்து எப்போது அடுப்புக்குப் போனதோ.

மனு தள்ளுபடி என்று கடுதாசி வந்தது. புரக்டர் கொழும்பில் பெரிய கோர்ட்டுக்கு அப்பீல் போட்டார். அம்மாவுக்கு உயிர் வந்தது. “அங்க ஜட்ஜய்யா என்னயக் கூப்புடுவாரா? நான் வாயத் தொறந்து சொல்லிடுறேன்” என்று கேட்டாள்.

“கூப்புட மாட்டாங்க” என்றார் புரக்டர். “பெரிய கோர்ட்டு புதுசா சாட்சி கேக்காது. கீழ எழுதியிருக்கிறது சட்டப்படி சரியான்னு மட்டும் பாக்கும்.”

“கீழ எழுதினது பொய்யிங்களே.”

“ஒன் வாயால சொன்னதுதானே.”

அப்பீலும் விழுந்தது. யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த நீதிபதிகள் எழுதியதைப் படித்தார்கள். அறைக் கதவு திறந்திருந்தது என்று யாரும் அதில் எழுதியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு லயத்தில் பேச்சுகள் கிளம்பின. மனு விழுந்தவர்களைக் கப்பல் ஏற்றுவார்கள் என்றார்கள். முதலில் வேலையாட்களின் பேர் எழுதிய செக்ரோலில் பேர் வெட்டுவார்கள், பிறகு காம்பராவைப் பிடுங்குவார்கள் என்றார்கள். ஜீப் சத்தம் கேட்டால் அம்மா கொழுந்துக் கூடையோடு அப்படியே நிற்பாள். பீலிக்கரைக்கு ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவாள். பெரியம்மாவின் மனு இன்னும் விழாமல் இருந்தது. அவள் இரண்டாவது பிள்ளையைப் போல முதல் பிள்ளையையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் பெற்றாள் என்றும், தாய் வீட்டில் ஒரு வருஷம் இருந்ததாக அவள் பீலிக்கரையில் சொன்னது வெறும் கதை என்றும், அதை விசாரணையில் மெதுவான குரலில் ஒத்துக்கொண்டாள் என்றும் பிற்பாடு தெரிய வந்தது. அவள் முறை வந்தபோது நாங்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். கேட்க ஆள் இல்லை.

இனி ஒன்றும் இல்லை என்று இருந்தபோதுதான் புரக்டர் அந்தப் பெரிய வழக்கைப் பற்றிச் சொன்னார். கேகாலைப் பக்கம் எங்களைப் போன்ற ஒருவர், ஓட்டு இடாப்பில் தன் பெயரைச் சேர்க்காமல் எப்படி விடலாம் என்று கேட்டு வழக்குப் போட்டு, அது எல்லாவற்றுக்கும் மேலான கோர்ட்டு அப்போதும் இருந்த லண்டன் வரைக்கும் போயிருந்தது. அப்பா அன்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

“நாட்டுக்கு ஒரு அடிச்சட்டம் இருக்கு. மத்தச் சட்டமெல்லாம் அதுக்குக் கீழதான். ஒரு சனத்துக்கு மட்டும் பாதகமா பார்லிமெண்டு சட்டம் போடக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. அப்படிப் போட்டிருந்தா, அது செல்லாதுன்னு சொல்ல ஜட்ஜுமாருக்கு அதிகாரம் உண்டு.”

“பார்லிமெண்டு போட்ட சட்டத்தையாங்க?”

“ஆமாப்பா.”

அப்பா வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எங்களுக்குக் கணக்கப்பிள்ளைக்கு மேலே கண்டாக்கு, கண்டாக்குக்கு மேலே துரை. துரை சொன்னால் அதற்கு மேலே மலைதான். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு நின்று குறைத்துக் காட்டினாலும் அது சரியான நிறைதான். “இந்தத் தராசு பொய்யின்னு சொல்றதுக்கும் ஒருத்தன வச்சிருக்காங்கடி” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். “சட்டமே செல்லாதுன்னுட்டா மனு எதுக்கு? விசாரணை எதுக்கு? நீ சொன்னது காத்தோட போயிடும்.”

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். காத்தோட போயிடும், காத்தோட போயிடும் என்று கொழுந்து பறிக்கையில் வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். ஸ்டோர் பக்கத்தில் இருக்கிற ரோதமுனி சாமிக்கு, லண்டன் ஜட்ஜுகள் நல்ல வார்த்தை சொன்னால் சேவல் அறுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பேப்பர் வாங்குகிறவர். அவரிடம் அம்மா போகும்போதெல்லாம் கேட்பாள்.

“அந்த ஜட்ஜய்யாமாரு எப்படி இருப்பாங்க நானா?”

“தலையில வெள்ள வெளேர்னு முடி வச்சிருப்பாங்க.”

“தலை நரைச்சவங்கன்னா நியாயந்தான் சொல்லுவாங்க.”

“அது பொய் முடி, தங்கச்சி. ஆட்டு மயிரோ குதிரை மயிரோ, கழட்டி ஆணியில மாட்டிடுவாங்க.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பொய் முடியா என்று என்னிடம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தீர்ப்பு வந்த செய்தியும் அந்தக் கடையில்தான் தெரிந்தது. சனிக்கிழமை, அரிசிக்கு நின்றோம். எங்களைக் கண்டதும் நானா பேப்பரை மடித்து அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தார். அம்மா பார்த்துவிட்டாள்.

“சொல்லுங்க நானா.”

“சட்டம் செல்லும்னுட்டாங்க, தங்கச்சி.”

“ஏனாம்?”

அவர் என்னைப் பார்த்தார். பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆட்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. படித்ததை அம்மா காதோடு சொன்னேன். எந்தச் சனத்தின் பெயரும் அந்தச் சட்டத்தில் இல்லை, தன் பிரஜை யார் என்று தீர்மானிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு என்று இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை இன்னும் மெதுவாகச் சொன்னேன். இந்தியாவிலிருந்து வந்து குடியிருப்பவர்களுக்கு மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேறொரு சட்டத்தில் வழி திறந்துதான் இருக்கிறது, ஆகவே இது அந்தச் சனத்துக்கு மட்டும் விரோதமானது என்று சொல்ல முடியாது என்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள்.

“என்ன வழியாம்?”

“மனுப் போடுற வழி, அம்மா.”

அம்மா அரிசியை வாங்கி மடியில் கட்டினாள். மலை ஏறினோம். மேலே பனி இறங்கி, லயமும் ஸ்டோரும் மறைந்து போயிருந்தன. ரோதை ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதை வைத்துத்தான் வழி பிடித்து நடந்தோம்.

அம்மா நேரே காம்பராவுக்கு வரவில்லை. பீலிக்கரைக்குப் போனாள். சனிக்கிழமை மாலை, லயத்துப் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பெரியம்மாவும் குடத்தோடு நின்றாள். அம்மா அரிசி மடியோடு நடுவில் நின்று உரக்கச் சொன்னாள்.

“ஒன்னரை வருசம் இல்ல. ஒம்பது மாசம். சோறு இல்லாமத்தான் வந்தேன். எல்லாரும் கேட்டுக்கங்க.”

பெரியம்மா குடத்தை இறக்கி வைத்து, “இப்ப எதுக்குடி இதெல்லாம்” என்றாள். அம்மா இன்னொரு தடவை அதையே சொன்னாள், முதல் தடவை யாருக்கோ கேட்கவில்லை என்பது போல. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குச் சில வருஷம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் கல்யாணம் ஆனது. முதல் பிள்ளை உண்டானதும் என் மாமியார், வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஆள் அனுப்பினாள். நடந்தால் ஒரு காலைப் பொழுது தூரம்தான். அம்மா தனியாக வந்தாள். வளையல் போட்டாள், சோற்றைத் தொடவில்லை.

“இவ இங்கயே இருக்கட்டும் சம்பந்தியம்மா. செக்ரோல்ல இவ பேரு இருக்கிற எடத்த விட்டு ஒரு நாளும் நகர வேணாம்.”

“தாய் வீட்டுல வச்சுப் பாக்க முடியலன்னு ஊரு பேசுமே?”

“பேசட்டும்.”

அப்போது இரண்டு நாட்டு அரசாங்கமும் எங்களை எப்படிப் பங்கு போடலாம் என்று பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். எங்கள் பெயர் எந்தப் பங்கில் விழும் என்று யாருக்கும் தெரியாது. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெற்றேன். பெண் பிள்ளை. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் கிடந்த பிள்ளையை அவள் பார்க்கக்கூட இல்லை.

“எந்த எடத்துல பொறந்துச்சுன்னு எழுதிட்டாங்களா?” என்றுதான் கேட்டாள்.